மார்ச்சிங் அவுட்

பிப்ரவரி 3, 2025, திங்கள்

கடந்த அக்டோபர் 31ஆம் தேதி ராணுவத்திலிருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். மகளின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வைக் காட்டி விண்ணப்பித்ததில், பெங்களூரு குவார்ட்டர்ஸில் மனைவியும் மகளும் மூன்று மாதம் தங்கிக்கொள்ள அனுமதி கிடைத்தது. அது ஜனவரி 31உடன் முடிந்துவிட்டது. சிபிஎஸ்இ தேர்வு ஏப்ரல் 4 வரை நீள்கிறது என்று எழுதிய இரண்டாவது விண்ணப்பத்துக்கு இதுவரை பதில் இல்லை. இன்று காலை கதவில் நோட்டீஸ் ஒட்டியிருப்பதாக மனைவி தொலைபேசியில் சொன்னாள். 1971ஆம் ஆண்டின் பொது வளாகங்கள் சட்டப்படி நாங்கள் இப்போது ‘அங்கீகாரமற்ற குடியிருப்போர்’. கடைசி நான்கு ஆண்டுகள், கிடங்கையும் குடியிருப்புகளையும் கவனிக்கும் குவார்ட்டர்மாஸ்டர் பிரிவில் எழுத்தராக இருந்து இதே வாசகத்தைத் தட்டச்சு செய்தவன் நான். அப்போது அந்தச் சொல் என் கண்ணை உறுத்தியதே இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்தேன். இந்தச் சட்டப்படி விசாரிக்கும் எஸ்டேட் அதிகாரி வெளியேற்ற உத்தரவு போட்டால் 12 நாட்களுக்குள் மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் வீடு இருக்கும் ஊரில்தான் செய்ய வேண்டும், அதாவது பெங்களூருக்கு அலைய வேண்டும். “ரிட்டயர் ஆனவங்க அரசு வீட்டுல தொடர்ந்து இருக்க உரிமை கேட்க முடியாதுன்னு 2021லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு சார். அப்பீல் போனா நாள் கிடைக்கலாம், வீடு கிடைக்காது” என்றார். அப்படிக் கிடைக்கும் நாளுக்கும், அனுமதியில்லாமல் தங்கியதற்கான சேதக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும்.

சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 2019இல் இதே வீட்டுக்காகப் பதினோரு மாதம் வரிசையில் காத்திருந்தபோது, காலி செய்யாமல் உட்கார்ந்திருந்தவர்களை நான் திட்டாத நாளில்லை. என் மனத்தாங்கல் அந்த இரண்டாவது விண்ணப்பத்தைப் பற்றியது. ‘முடியாது’ என்று ஜனவரியிலேயே ஒரு வரி எழுதியிருந்தால் பொங்கலுக்குள் மாற்று ஏற்பாடு செய்திருப்பேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காவேரிப்பட்டணத்தில் கட்டும் வீட்டுக்கு நேற்று முன்தினம்தான் மேல்தளம் போட்டார்கள். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறது. சென்ட்ரிங் பிரிக்க 21 நாள் ஆகும் என்கிறார் மேஸ்திரி. அதுவரை சாமான்களை அண்ணனின் மாங்காய் மண்டியில் போடலாம். சீசன் தொடங்கும்வரை அது காலிதான். மகள் ஓசூரில் சித்தி வீட்டிலிருந்து தேர்வுக்குப் போகட்டும் என்று முடிவு செய்தோம். இயற்பியல் தேர்வு 21ஆம் தேதி. அவள் விடியற்காலையிலேயே பேருந்து ஏற வேண்டியிருக்கும். நாளைக்கே காலி செய்வதாக எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன்.

பிப்ரவரி 17, திங்கள்

மார்ச்சிங் அவுட், அதாவது வீட்டைச் சரிபார்த்துத் திருப்பி ஒப்படைப்பது, முடிந்தது. ராணுவக் கட்டடங்களைப் பராமரிக்கும் எம்.இ.எஸ். ஊழியர் பட்டியலை வைத்துக்கொண்டு மின்விசிறி, டியூப்லைட், குழாய் என்று ஒவ்வொன்றாக எண்ணினார். கழிப்பறைத் தொட்டியின் விரிசலைப் பார்த்ததும் பேனாவைத் திறந்தார். 2019இல் குடியேறிய அன்று எழுதி வாங்கிய நகலை நீட்டினேன். ‘தொட்டி, ஏற்கெனவே விரிசல்’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. பேனாவை மூடிக்கொண்டார். சன்னல் கண்ணாடி ஒன்றுக்கு மட்டும் பணம் கட்டினேன்.

வீட்டைப் பார்த்துப் போகலாம் என்று அடுத்து ஒதுக்கீடு பெற்றிருக்கும் நாயக் பதவியிலுள்ள வீரர் ஒருவர், மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். பாப்பாரப்பட்டிக்காரராம். உள்ளே வரத் தயங்கி, என் கறுப்பு டிரங்குப் பெட்டி படியிறங்கும்வரை ஓரமாக நின்றார்.

“அண்ணே, தண்ணி எத்தனை மணிக்கு விடுவாங்க?”

“காலையில அஞ்சரைக்கு. முக்கால் மணி நேரந்தான், தம்பி” என்றேன்.