டவி கழிமுகம்: ஒரே ஓதம், இரண்டு மீன்கள்

வேல்ஸின் மேற்குக் கரையில் மக்கன்த்லெத் ஊரிலிருந்து ரயிலில் புறப்பட்டதும், டவி ஜங்ஷனில் தண்டவாளம் இரண்டாகப் பிரியும். சாலையே எட்டாத நிலையம் அது, சுற்றிலும் உப்புச் சதுப்பு. டவி ஆற்றின் வடகரைப் பாதையில் அபர்டவி ஊருக்குப் போகிறவர்கள் இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். ஓதம் இறங்கி வற்றமாக இருந்தால் எந்த மணல்திட்டு உயரம், எந்த ஓடை எங்கே வளைகிறது என்பதெல்லாம் அப்படியே தெரியும். தண்ணீர் ஏறிவிட்டால் எல்லாம் ஒரே சாம்பல் பரப்புதான். போனில் படமெடுத்து வைப்பது நல்லது.

இங்கே ஃப்ளை தூண்டிலோடு, அதாவது முள்ளில் இறகும் நூலும் கட்டிய போலி இரையோடு, தேடிப்போவது பாஸ், கடல் ட்ரவுட் என்ற இரண்டு மீன்களை. பாஸ் என்றதும் கொடுவா நினைவுக்கு வரலாம். அது வேறு குடும்பம். கடல் ட்ரவுட் என்பது ஆற்றில் பிறந்து, கடலில் கொழுத்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பும் பழுப்பு ட்ரவுட்தான்.

இரண்டுக்கும் 9 அடி நீள, 7 அல்லது 8 எண் (லைனின் எடையைக் குறிப்பது) ஃப்ளை ராட் போதும். மெதுவாக அமிழும் இன்டர்மீடியட் லைன், முனையில் 9 அடி ஃப்ளூரோகார்பன் தங்கூசி, 10 முதல் 12 பவுண்டு தாங்குவது. ஃப்ளை 2 முதல் 3 அங்குலம், மணல் விலாங்குக் குஞ்சு போல ஒல்லியாக. கிளவுசர் மின்னோ என்ற ஃப்ளையைக் கட்டினால் அதன் கனமான கண்கள் தூண்டில் முள்ளை மேல்நோக்கித் திருப்பிவிடும். மணலிலும் பாசியிலும் அவ்வளவாகச் சிக்காது. ஃப்ளையை இறுக்கிக் கட்டாமல் வளைய முடிச்சு போட்டால் உயிருள்ளதுபோல ஆடும். இடுப்பில் ஒரு லைன் கூடை கட்டாயம். அது இல்லாவிட்டால் இழுத்த லைனை நீரோட்டம் கொண்டுபோய்க் காலில் சுற்றிவிடும்.

ஓத ஏற்றத்தின் முதல் இரண்டு மணி நேரம்தான் பொன்னானது. தண்ணீர் ஓடைகளில் நுழையும்போதே பாஸும் அதன் விளிம்போடு வந்து நண்டு, இறால், பொடிமீன் மேயும். முழங்கால் ஆழம்கூட வேண்டாம். அவசரமாக நடுவே இறங்குகிறவர்தான் மீனை மிதித்துக் கலைக்கிறார்; முதல் வீச்சு கரையோரமாகவே இருக்கட்டும். வற்றத்தில் சிற்றோடைகள் வடியும் வாய்களைப் பாருங்கள், அங்கே மீன் இரைக்குக் காத்து நிற்கும். மழைக்குப் பின் ஆறு நன்னீரைக் கொட்டினால் பாஸ் கடல்வாய்ப் பக்கம் ஒதுங்கும். ட்ரவுட்டோ ஆற்றில் ஏறத் தொடங்கும். அமாவாசை, பௌர்ணமி ஓதங்களில் 4 மீட்டருக்கு மேல் நீர் ஏறி இறங்குவதால் அறுந்த பாசி மிதந்து வந்து ஒவ்வொரு வீச்சிலும் முள்ளில் தொங்கும். அந்த நாட்களில் பொறுமைதான் முதல் சாமான்.

வீசிய லைனைக் கையால் இழுக்கும் விதத்தில்தான் இரண்டு மீனும் வேறுபடும். பாஸுக்கு நீளமான இழுப்பு, நடுவே ஒரு நிறுத்தம். பெரும்பாலும் நிறுத்தத்தில்தான் கவ்வும். ட்ரவுட்டுக்கு நிறுத்தமே கூடாது. ராடை அக்குளில் இடுக்கி, இரண்டு கையாலும் மாற்றி மாற்றி வேகமாக இழுக்க வேண்டும். கவ்வியதும் ராடைத் தூக்காதீர்கள். ஆற்றில் பழகியவர்கள் செய்யும் தவறு இதுதான். ராட் வளைந்து விசையை விழுங்கிவிடும், முள் ஏறாது. லைனை நேராகக் கையாலேயே சுண்டுங்கள். ட்ரவுட்டின் வாய் மென்மையானது என்பதால் மீன் துள்ளும்போது லைனைச் சற்றுத் தளர்த்த வேண்டும்.

திட்டில் நிற்கும்போது முதுகுப் பக்கத்து ஓடையை மறக்காதீர்கள். திட்டு மூழ்குமுன் அதுதான் நிரம்பும். அதில் நீர் நகரத் தொடங்கியதும் கிளம்பிவிடுங்கள், மீன் கவ்விக்கொண்டிருந்தாலும் சரி. வெறுங்காலோடு இறங்கவும் கூடாது. மணலில் புதைந்துகிடக்கும் வீவர் மீனின் முள் விஷமுள்ளது. குத்தினால் தாங்கும் சூட்டில் வெந்நீரில் அரைமணி நேரமாவது காலை வைக்க வேண்டும்.

கடல் ட்ரவுட்டைக் குறிவைத்தால், உப்புநீர் என்றாலும், சால்மன் மற்றும் கடல் ட்ரவுட்டுக்கான ராட் உரிமம் தேவை. சாதாரண ட்ரவுட் உரிமம் செல்லாது. தவறிச் சால்மன் மாட்டினால் விட்டுவிட வேண்டும். பாஸ் 42 செ.மீ.க்குக் குறைந்தால் அதையும் விடுங்கள். நாளுக்கு எத்தனை வைத்துக்கொள்ளலாம், எந்த மாதங்களில் என்ற விதி அடிக்கடி மாறுவதால் புறப்படுமுன் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்க்கவும்.

திரும்பியதும் ரீலைக் குழாய் நீரில் மெதுவாகக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு வெளியேறாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.