விலங்கியல் பாடத்தில் இல்லாத அத்தியாயம்

எங்கள் கல்லூரி மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். பிக் மட்ச், விடுதிச் சாப்பாடு, அதிபரின் பிரம்பு மூன்றும் வேண்டாம், அவை எல்லா மலர்களிலும் வந்துவிட்டன என்றார்கள். அந்த மூன்றையும் கழித்தால் என்னிடம் மிஞ்சுவது எழுபதுகளின் கடைசியில் உயர்தர வகுப்பில் படித்த விலங்கியல்தான். அதிலும் கூர்ப்புப் பாடம், அதாவது உயிரினங்கள் படிப்படியாக மாறிவந்த பரிணாமக் கதை.

அது கடைசி அலகு. சோதனை நெருங்கும்போது அவசர அவசரமாக முடிப்பதுதான் எங்கும் வழக்கம். இலாமார்க்கின் ஒட்டகச்சிவிங்கி, டார்வினின் குருவிகள், இங்கிலாந்தில் புகை படிந்த மரங்களில் பெருகிய கறுத்த அந்துப்பூச்சி ஆகிய மூன்றையும் பாடமாக்கினால் ஒரு கட்டுரை வினா கைவசம். எங்கள் மாஸ்டரோ அதை ஒரு தவணை முழுக்க இழுத்தார். பெயர் சொல்லவில்லை. எங்கள் பற்ச்காரருக்கு ஆளைத் தெரியும், மற்றவர்களுக்கு அவசியமில்லை.

யாராவது எழும்பி, "உயரத்து இலையைத் தின்னத்தான் சேர் கழுத்து நீண்டது" என்றால் அவருக்குப் பொறுக்காது. "தம்பி, கதை நல்லாத்தான் இருக்கு. வேறை எப்படி நடந்திருக்கலாம் எண்டும் ஒருக்காச் சொல்லும். ரெண்டில எது சரியெண்டு எப்படிப் பிடிப்பீர்?" அதற்குப் பிறகு வகுப்பில் ஈ பறந்தாலும் கேட்கும்.

வரலாற்றை அவர் நாடகம் மாதிரிச் சொல்வார். 1858இல் மலாயத் தீவுகளில் காய்ச்சலோடு அலைந்த இயற்கையியலாளர் வாலஸ், தேர்னாத்தே தீவிலிருந்து டார்வினுக்கு அனுப்பிய கட்டுரை. இருபது வருடமாகத் தான் பொத்திவைத்த இயற்கைத் தேர்வு என்ற கருத்து, அதாவது சூழலுக்குப் பொருந்தும் குணமுள்ளவை தப்பிப் பெருகும் என்பது, இன்னொருவர் கையெழுத்தில் வந்ததைக் கண்டு டார்வின் திகைத்தது. ஜூலை 1ஆம் தேதி இலண்டன் லின்னியன் சங்கத்தில் இருவரது எழுத்துகளும் வாசிக்கப்பட்டபோது இருவருமே அங்கில்லை. வாலஸ் கடல்களுக்கு அப்பால். டார்வினோ கைக்குழந்தையைச் செங்காய்ச்சலுக்குப் பறிகொடுத்து மூன்று நாள். அந்த வருடத்தில் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் நடக்கவில்லை என்று சங்கத் தலைவர் பின்னர் அறிக்கையில் எழுதியதைச் சொல்லிவிட்டு மாஸ்டர் சிரிப்பார். அவர் சிரித்து நாங்கள் கண்டது குறைவு.

ஆனால் அவருக்கு உண்மையில் பிடித்த இடம் பாடத்திட்டத்தில் இருக்கவில்லை. 1859இல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் மனிதனைப் பற்றி டார்வின் ஏறக்குறைய வாயே திறக்கவில்லை. கடைசிப் பக்கங்களில் மட்டும், வருங்காலத்தில் உளவியல் ஒரு புதிய அத்திவாரத்தின்மேல் எழும், மனதின் ஒவ்வொரு ஆற்றலும் படிப்படியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று எழுதிவிட்டு நகர்ந்தார். "உடம்புக்குக் கூர்ப்பு இருக்கெண்டு ஒப்புக்கொண்டவன் மூளை வாசலில வந்து நிண்டிடுறான்" என்பார் மாஸ்டர்.

வாலஸே அந்த வாசலில் நின்றவர்தான். மனித மனத்தை இயற்கைத் தேர்வால் மட்டும் விளக்க முடியாது என்று 1869இல் அவர் எழுதினார். உங்களுடையதும் என்னுடையதுமான பிள்ளையை அடியோடு கொன்றுவிடவில்லை என நம்புகிறேன் என்று டார்வின் அவருக்கு எழுதிய கடிதம் பிரசித்தம்.

டார்வின் உள்ளே போனார். 1872இல் வெளியான, உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றிய அவருடைய நூலின் பழைய பதிப்பொன்று எங்கள் கல்லூரி நூலகத்தில் கிடந்தது. அதில் இலங்கை வருகிறது என்பதை மாஸ்டர் காட்டித்தான் அறிந்தோம். கோபம், வெட்கம், துக்கம் ஆகியவற்றின் முகக்குறிகள் எல்லா மனிதருக்கும் பொதுவா என்று அறிய, உலகெங்கும் இருந்த பாதிரிமார், அதிகாரிகள் போன்றோருக்கு அவர் கேள்விக்கொத்து அனுப்பியிருந்தார். இலங்கையிலிருந்து கிளெனி என்ற பாதிரியார் பதில் எழுதினார். அதைவிடச் சுவையானது யானை விவகாரம். இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், பிடித்துக் கட்டப்பட்ட யானைகளின் கண்களிலிருந்து கண்ணீர் ஓயாமல் வடிந்ததாகத் தம் நூலில் எழுதியிருந்தார். டார்வினுக்கு அதைச் சரிபார்க்க வேண்டும். பேராதனைப் பூங்காவின் துவெயிட்ஸுக்கு எழுதிக் கேட்டார். அதன் பேரில் கிளெனியும் வேறு சிலரும் புதிதாகப் பிடிபட்ட யானைக் கூட்டம் ஒன்றைப் போய்ப் பார்த்தார்கள். யானைகள் வீரிட்டன, ஆனால் கண்ணைச் சுற்றிய தசைகள் சுருங்கவில்லை, கண்ணீரும் வரவில்லை. யானை அழுததைத் தாங்கள் கண்டதே இல்லை என்று உள்ளூர் யானை பிடிகாரரும் சொன்னார்கள்.

டார்வின் என்ன செய்தார்? இவை அனைத்தையும் ஒளிக்காமல் ஓர் அடிக்குறிப்பில் அச்சிட்டார். அப்புறம், டெனன்டின் விவரமான வர்ணனையையும் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலைக் காவலரின் சாட்சியத்தையும் சந்தேகிக்க முடியாது என்று முடித்துக்கொண்டார். காலம் முழுக்க யானையோடு திரிந்தவனின் பேச்சு எடுபடவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனாலும் தனக்கு எதிரான சாட்சியைத் தன் புத்தகத்திலேயே அச்சிட்டதால்தான் நூறு வருடம் கழித்து நாங்கள் அவரோடு வழக்காட முடிந்தது. மாஸ்டர் எங்களை இரண்டு கட்சியாகப் பிரித்து அதை ஒரு பாடவேளை முழுக்க விவாதிக்க வைத்தார். நான் யானை பிடிகாரர் கட்சி.

இலண்டனுக்கு வந்தபின் பகலில் பெற்றோல் நிலையத்தில் வேலை, மாலையில் உளவியல் படிப்பு. அங்கேதான் மிச்சக் கதை கிடைத்தது. இடைக்காலத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். ஸ்பென்சரும் கால்ட்டனும் கூர்ப்பை மனிதரைத் தரம்பிரிக்கும் கோலாக்கி அதன் பெயரைக் கெடுத்தார்கள். ஹிட்லரின் நாசிகள் அதன் எல்லையைக் காட்டினார்கள். உளவியலும் உயிரியலை விட்டு விலகி, எலிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தது.

மீண்டும் அத்திவாரம் போட்டது ஒரு கணக்கு. தேனீ தன் கூட்டுக்காகச் சாவதேன்? இயற்கைத் தேர்வு ஒவ்வொரு உயிரின் சொந்தப் பெருக்கத்தை மட்டுமே பார்க்கிறதென்றால் அப்படியொரு குணம் எப்படி நிலைத்தது? இரண்டு சகோதரருக்காக அல்லது எட்டு ஒன்றுவிட்ட சகோதரருக்காக உயிரைக் கொடுக்கத் தயார் என்று உயிரியலாளர் ஹால்டேன் பகிடியாகச் சொன்னதாகக் கதை உண்டு. அந்த ஹால்டேன் 1957இல் இந்தியாவில் குடியேறி, 1964இல் புவனேசுவரத்தில் காலமானவர். அதே 1964இல் ஹமில்டன் என்ற இளைஞர் அந்தப் பகிடியின் கருவை முழுக் கணிதமாக்கி வெளியிட்டார். உதவி பெறுபவருக்குக் கிடைக்கும் நன்மையை உறவின் நெருக்கத்தால் பெருக்கினால் வருவது, உதவுபவருக்கு ஏற்படும் நட்டத்தை விஞ்ச வேண்டும். அப்போது அந்த உதவும் குணத்துக்குரிய பரம்பரையலகு (மரபணு) பரவும். 1966இல் வில்லியம்ஸ், 'இனத்தின் நன்மைக்காக' என்ற தளர்ந்த பேச்சை ஒழுங்காக உடைத்தார். எழுபதுகளில் டிரிவர்ஸ், உறவில்லாதவர்கள் கைமாறாக உதவுவதையும் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலான இழுபறியையும் அதே வழியில் ஆராய்ந்தார். நாங்கள் ஒட்டகச்சிவிங்கியைப் பாடமாக்கத் தொடங்குவதற்குள் இதெல்லாம் நடந்துவிட்டிருந்தது என்பது எனக்கு இப்போதும் வியப்பு.

ஹமில்டனை முதலில் படித்தபோது என் நினைவுக்கு வந்தது தேனீ அல்ல, தங்கைகளின் சீதனத்துக்காக ஜேர்மனியில் கோப்பை கழுவிய எங்கள் பற்ச் அண்ணன்மார். பொருந்துகிறதே என்று துள்ளினேன். உடனே மாஸ்டரின் குரல்: வேறை எப்படி? ஊர்வாய்க்குப் பயந்தும் அண்ணன் அதையே செய்வான். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? தத்தெடுத்த தங்கைக்கும் அதே அளவு உழைக்கிறானா என்று பார்க்கலாம். அப்படிப் பார்த்தால்தான் ஆராய்ச்சி, இல்லாவிட்டால் திண்ணைப் பேச்சு.

1975இல் எட்வர்ட் வில்சன், விலங்குகளின் சமூக நடத்தையைக் கூர்ப்பால் விளக்கும் சமூக உயிரியல் பற்றிய பெருநூலின் கடைசி அத்தியாயத்தில் மனிதனைச் சேர்த்தபோது அமெரிக்காவில் பெரும் சண்டை மூண்டது. 1978இல் ஒரு மேடையில் அவர் தலையில் தண்ணீரையும் ஊற்றினார்கள். தண்ணீர் ஊற்றியவர்களிடம் எனக்கு அனுதாபமில்லை. ஆனால் கூல்டும் லெவொன்டினும் 1979இல் எழுதிய விமர்சனம் வேறு தரம். உடலிலுள்ள எல்லாவற்றுக்கும் ஒரு பயன் கற்பித்துக் கதை கட்டாதீர்கள் என்ற அவர்களின் வாதம் எங்கள் விலங்கியல் கூடத்தில் கேட்டதுதான்.

பிறகு கொஸ்மிடிஸ், டூபி தம்பதியர் வந்தார்கள். அவர்கள் பார்கோவுடன் சேர்ந்து 1992இல் தொகுத்த நூலோடுதான் கூர்ப்பு உளவியல் என்ற துறை காலூன்றியது. மனம் என்பது பழங்கால வேட்டை வாழ்க்கையின் சிக்கல்களைத் தீர்க்க உருவான பல தனித்தனிக் கருவிகளின் தொகுதி என்றார்கள். ஒரு விதி மீறப்பட்டதா என்று அறிய எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும் என்று கேட்பது வேசன் 1966இல் அமைத்த அட்டைப் புதிர். அதில் வெறும் எழுத்தும் எண்ணும் இருந்தால் அநேகர் பிழை விடுகிறார்கள். அதே புதிரை, பலனை வாங்கிக்கொண்டு விலை கொடுக்காதவனைப் பிடிக்கும் விதியாக மாற்றினால் அநேகர் சரியாகச் செய்கிறார்கள். ஆகவே ஏமாற்றுக்காரரைப் பிடிக்கவென்றே மனதில் ஒரு கருவி உண்டு என்பது கொஸ்மிடிஸின் வாதம். அப்படியொரு கருவி தேவையில்லை, கேள்வியின் பொருள் விளங்கும் விதமே காரணம் என்று ஸ்பெர்பரும் கூட்டாளிகளும் 1995இல் மறுத்தார்கள். எனக்கு இரண்டாவது கட்சி கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்.

என்னை முழுதாக ஏற்கவைத்தது குரங்கும் பாம்பும் பற்றிய சோதனை. ஆய்வுகூடத்தில் பிறந்து வளர்ந்த குரங்குக்குப் பாம்புப் பயம் இல்லை. இன்னொரு குரங்கு பாம்பைக் கண்டு பதறும் வீடியோவைக் காட்டினால் பயம் பிடித்துக்கொள்கிறது. மினெக்காவும் குக்கும் எண்பதுகளில் அந்த வீடியோவை வெட்டி ஒட்டி, குரங்கு பூவைக் கண்டு பதறுவதுபோல் காட்டினார்கள். பூவுக்குப் பயப்பட எந்தக் குரங்கும் கற்றுக்கொள்ளவில்லை. பயம் பிறவியிலேயே வந்ததா, பழகி வந்ததா என்ற பழைய சண்டையை அந்த ஒரு வீடியோ நாடா அர்த்தமற்றதாக்கிவிட்டது. மாஸ்டருக்கு அதை எழுதி அனுப்பினேன். வான்கடிதத்தில் பதில் வந்தது. பாராட்டு ஒரு வரி. மிச்சம் முழுக்க, எத்தனை குரங்கு, காட்டியது உயிர்ப்பாம்பா பொம்மைப் பாம்பா, பூவுக்குப் பதில் முயலை வைத்துப் பார்த்தார்களா என்ற விசாரணை. பொம்மை முயலையும் வைத்துப் பார்த்தார்கள், அதற்கும் பயம் வரவில்லை என்று அடுத்த கிழமையே எழுதினேன்.

இப்போது பற்ச் வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறையாவது, ஆண் வேட்டைக்குப் போனவன், ஆகவே மனைவி சொல்வது அவன் காதில் விழாது என்கிற ரகத்தில் ஒரு படம் வருகிறது, அடியில் 'விஞ்ஞானம் சொல்கிறது' என்று. நான் பதிலுக்கு ஒரு வரிதான் போடுவேன்: "வேறை எப்படி நடந்திருக்கலாம், தம்பி?" பழைய விலங்கியல்காரர் சிரிப்புக் குறி போடுவார்கள். கணிதப் பிரிவுக்காரருக்கு ஒன்றும் விளங்குவதில்லை.