அல்லித் தொட்டிக்குள் யார் யார்?

2025 ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே சமூகத் தோட்டத்தில் அல்லித் தொட்டியைக் கழுவப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், வெள்ளைத் தட்டும் பூதக்கண்ணாடியுமாக அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன்.

அடிச்சேற்றை அள்ளித் தட்டில் ஊற்றினோம். அசைந்ததெல்லாம் அவளுக்குப் புழுதான். “நிறத்தை விடு. கால் இருக்கிறதா பார், அப்புறம் வால் பக்கம் பார்” என்றேன். ஒல்லியான ஒன்றுக்கு ஆறு கால், வால் நுனியில் தட்டையான மூன்று மடல்கள். அந்த மடல்கள்தான் செவுள். ஊசித்தட்டானின் இளம்பூச்சி அது. பக்கத்தில் கிடந்த குண்டுப் பூச்சிக்கும் ஆறு கால்தான், ஆனால் மடல் இல்லை, சின்ன முட்கள் மட்டும். அது தட்டானின் இளம்பூச்சி. அதன் செவுள் குடலின் கடைசிப் பகுதிக்குள் இருக்கிறது. பின்பக்கமாகத் தண்ணீரை இழுத்து மூச்சு விடும், ஆபத்து என்றால் அதே தண்ணீரைப் பீய்ச்சியடித்து முன்னால் பாயும்.

ஒரு கொசுப்புழு நெளிந்து அதன் அருகே போனது. தட்டான் அசையவே இல்லை. முகத்தின் கீழ்ப்பாதியை மூடியபடி மடங்கிக் கிடந்த கீழுதடு விருட்டென்று நீண்டு, புழுவைக் கவ்வி, திரும்ப மடங்கியது. “அத்தை, அது வாயா கையா?” என்றாள். நல்ல கேள்வி. வாயின் ஓர் உறுப்பு, செய்வது கையின் வேலை.

ஜூன் 8, ஞாயிறு

நேற்றைய கேள்விக்குப் பின்னால் பெரிய விஷயம் இருக்கிறது. கென்னத் கம்மின்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் நீர்ப்பூச்சிகளை உணவு தேடும் விதத்தை வைத்துப் பிரித்தார்: உதிர்ந்த இலையைக் கிழித்துத் தின்பவை, நுண்துகள்களைப் பொறுக்கியோ வடிகட்டியோ உண்பவை, கல்லில் படிந்த பாசியைச் சுரண்டுபவை, வேட்டையாடுபவை. எந்த இனம் என்று உறுதியாகத் தெரியாவிட்டாலும், வாயும் நடத்தையும் பார்த்தால் அதன் பிழைப்பு புரிந்துவிடும்.

நம் தொட்டியிலேயே பாருங்கள். சேற்றில் இருந்த சிவப்புப் புழு துகள் பொறுக்கி. கொசு போலிருந்தும் கடிக்காத சிற்றீ ஒன்றின் இளம்பருவம் அது, கணுக்களுள்ள கால்கள் கிடையாது. சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின். ஆக்சிஜன் குறைந்த சேற்றில் அது தாக்குப்பிடிப்பது அதனால்தான். கொசுப்புழுக்களில் பல, வாயோரத் தூரிகைகளால் நீரை வடிகட்டுபவை.

தொட்டியைக் காலி செய்து கழுவுவதில் எனக்கு வருத்தம் உண்டு. இங்கே டெங்கிப் பயம் நியாயமானது, தேங்கிய நீரை விட்டுவைக்க முடியாது. ஆனால் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு ஒரு வாரம், பத்து நாளில் வந்துவிடும்; தட்டானுக்கு மாதக்கணக்காகும். கழுவிய தொட்டியில் முதலில் குடியேறுவது கொசுதான். அதனால் தட்டான் குஞ்சுகளை ஒரு வாளியில் எடுத்து வைத்து, புதுத் தண்ணீர் ஊற்றியதும் திரும்ப விடச் சொன்னேன். தோட்டத்து அக்கா சரி என்றார்.

ஜூன் 14, சனி

பீஷான் - அங் மோ கியோ பூங்கா. 2012இல் இங்கே கான்கிரீட் கால்வாயை எடுத்துவிட்டு காலாங் ஆற்றை வளைந்து ஓட விட்டார்கள். எதையும் பிடிக்கவில்லை, கரையில் உட்கார்ந்து பார்த்தோம். நீர்மேல் ஓடும் பூச்சிகள் நடுக்கால்களால் துடுப்புப் போட்டு, பின்கால்களால் திசை பிடித்து, குட்டையான முன்கால்களை இரைக்காக வைத்திருந்தன. தண்ணீரில் விழுந்து துடித்த எறும்பை நோக்கி இரண்டு ஓடிவந்தன. அலையின் அதிர்வே அவற்றுக்குத் தகவல்.

ஜூன் 17, செவ்வாய்

தொட்டியில் கறுப்பு வண்டு. தலையை மேலே கொண்டுவந்து காற்று எடுத்தால் அது பெரும்பாலும் அழுகல் தின்னும் நீர்வண்டு, வால் நுனியை நீட்டினால் வேட்டைக்கார வண்டு. இது வாலைத்தான் நீட்டியது. வாளியில் மிச்சமிருந்த குட்டித் தட்டான்களை இந்தத் தொட்டியில் விட வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.