முதல் சாப்பாடு பூச்சிக்கு

கடையிலிருந்து டப்பாவில் வரும் சுவர்க்கோழி (விற்பவர்கள் கிரிக்கெட் என்றுதான் சொல்வார்கள்) பெரும்பாலும் அரைப்பட்டினியில் கிடந்தது. அதை அப்படியே லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லிக்குப் போட்டால் வயிறு நிறையும், எலும்புக்கு ஒன்றும் சேராது.

சுவர்க்கோழியின் உடம்பில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். கெக்கோவுக்கு வேண்டியதோ நேர்மாறு: பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றரை முதல் இரண்டு பங்கு. பற்றாக்குறையை அது தன் எலும்பைக் கரைத்தே ஈடுகட்டும். கீழ்த்தாடை ரப்பர் மாதிரி வளையும், விரல்கள் நடுங்கும், கால் கோணும். கோணிய கால் பிறகு நேராவதில்லை.

அதனால் பூச்சியின் வயிற்றைத்தான் முதலில் நிரப்ப வேண்டும். மருந்து கலக்காத கோழிக்குஞ்சுத் தீவனத்தை மாவாக அரைத்து 80 கிராம் எடுத்து, 20 கிராம் சுத்தமான கால்சியம் கார்பனேட்டுடன் கலந்துகொள்ளுங்கள். கார்பனேட்டில் 40 சதவீதம் கால்சியம். ஆக, கலவையில் குறைந்தது 8 சதவீதம் வந்துவிடும். அதற்குக் கீழே போனால் பெரிய பலன் இருக்காது. இதை இரண்டு நாள் கொடுத்தால் போதும். அதற்கு மேல் நீட்டினால் பூச்சிகளே சாகத் தொடங்கும்.

பலர் சறுக்குவது காய்கறியில். பக்கத்திலேயே கேரட்டையும் கீரையையும் குவித்தால், பூச்சி ஈரமானதைத் தின்றுவிட்டு மாவை மீதி வைக்கும். தண்ணீருக்கு ஒரு ஈரப் பஞ்சு போதும், தினமும் மாற்றுங்கள். கிண்ணத்தில் ஊற்றினால் மூழ்கிச் சாகும். பூச்சிப் பெட்டிக்குள் முட்டை அட்டைகளை நிமிர்த்தி அடுக்குங்கள், எச்சம் கீழே உதிர்ந்துவிடும். மூடியில் வலை கட்டாயம். உள்ளே ஈரம் தேங்கினால் ஒரே இரவில் கொத்தாகச் சாகும்.

கெக்கோவின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். போடுவதற்குச் சற்று முன், ஒரு பையில் சிட்டிகை கால்சியம் பொடியோடு போட்டு மெல்லக் குலுக்குங்கள். சுவர்க்கோழி தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும் பிராணி. தாமதித்தால் பொடி ஒட்டியிருக்காது. கூண்டில் புற ஊதா விளக்கு இல்லையென்றால், கால்சியத்தை உடம்பில் சேர்க்க உதவும் வைட்டமின் டி3 கலந்த பொடியும் தேவை. ஆனால் டி3 மிகுந்தாலும் ஆபத்து, டப்பாவில் குறித்த அளவைத் தாண்டாதீர்கள்.

பதினைந்து நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். மிஞ்சிய சுவர்க்கோழி தூங்கும் கெக்கோவின் விரலையும் இமையையும் கடிக்கும்.

தோட்டத்துப் பூச்சிகளைப் பிடித்துப் போடாதீர்கள். பூச்சிமருந்து ஒருபுறம், ஒட்டுண்ணி ஒருபுறம். மின்மினி இன்னும் மோசம்: அமெரிக்காவில் ஒரே ஒரு மின்மினியைத் தின்ற தாடி டிராகன்கள் (இவையும் வளர்ப்புப் பல்லி வகைதான்) செத்திருக்கின்றன.