ஏழு மணிக்குள் முடிந்துவிடும் குளிர்காலம்

டிசம்பர் 16, 2024, திங்கள்

மார்கழி பிறந்தாச்சு. சென்னையில் குளிர்காலம் உண்டா என்று கேட்டால் உண்டு, ஆனால் அது காலை நாலரைக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் முடிந்துவிடும், குரோம்பேட்டையில் பதினோரு வருடம் குப்பை கொட்டியதில் நான் கண்டுபிடித்தது இது. விடியற்காலையில் 21 டிகிரி, அதற்கே பால்காரர் மங்கி குல்லாவில் வருகிறார், எட்டரைக்கு எல்லார் வீட்டிலும் மின்விசிறி சுற்றுகிறது. அதனால் இந்த வருடம் ஒரு தீர்மானம்: கொண்டாட்டமோ ஊர் சுற்றலோ, எதுவானாலும் முடிந்தவரை ஏழு மணிக்குள். வீட்டுக்காரரிடம் சொன்னேன். போர்வைக்குள்ளிருந்து "ம்" என்று சத்தம் வந்தது, சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நாலே முக்காலுக்குக் கேட் வாசலில் தண்ணீர் தெளித்து ஏழு புள்ளி, நாலு வரை ஊடுபுள்ளி. பெரிய கோலமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு. நடுவில் சாணி உருண்டை, அதில் பூசணிப்பூ. சாணி பால்காரர் உபயம், பூ மார்க்கெட்டில் வாங்கியது. அத்தைக்கு நான் உருட்டியது பிடிக்கவில்லை. "ஏட்டி, அடையா தட்டுத? பிள்ளையார் பிடிக்க மாதிரி பிடி" என்றார். அத்தைக்குத் திருநெல்வேலி. அங்கே இந்த உருண்டையைத் தூக்கிப் போடுவதில்லை, பூ வாடியதும் பூவோடு சேர்த்தே வறட்டியாகத் தட்டிக் காயவைத்து, தை மாதம் குட்டி மண்வீடு கட்டி அதன் முன்னால் வைக்கிற சிறுவீட்டுப் பொங்கல் வரை எடுத்து வைப்பார்களாம். நாலாம் வகுப்பு படிக்கிற மகள் அதைக் கேட்டதிலிருந்து மொட்டை மாடியே கதியாக இருக்கிறாள். அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருக்கிறது என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

மயிலாப்பூர். ஐந்தரைக்கு மாட வீதியில் நின்றோம். கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி மார்கழி பஜனை போகும், பாபநாசம் சிவன் பல வருடம் முன்னால் நின்று நடத்திய வழக்கம். சிப்ளாக்கட்டையைத் தட்டிக்கொண்டு ஒரு கூட்டம், பின்னால் ஸ்வெட்டர் போட்ட பெரியவர்கள், நடுவில் தூக்கக் கலக்கத்தோடு பட்டுப் பாவாடைக் குழந்தைகள். மகளும் அதில் கலந்து இரண்டு வீதி போய்விட்டாள், நாங்கள் பின்னால் ஓடினோம். அப்புறம் தொன்னையில் சுடச்சுட வெண்பொங்கல். இதற்காகவே எழுந்திருக்கலாம்.

தீர்மானத்தை மீறிய ஒரே சமாச்சாரம், மதியம் கச்சேரிக்கும் போனோம். பெரிய வித்வான்களின் மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கினால் நாலு பேருக்கு நம் பட்ஜெட் தாங்காது, ஆனால் பல சபாக்களில் மதியம் இளம் பாடகர்கள் பாடுவது இலவசம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், உள்ளே போய் உட்காரலாம். இருபது பேர் இருந்தால் அதிகம். அன்று பாடிய இளம்பெண்ணின் கல்யாணி ராகத்தை அத்தை கண்ணை மூடிக் கேட்டார், தூங்கினாரா என்று கேட்டால் கோபம் வருகிறது. ஏசி வேறு அப்படிப் போட்டிருந்தார்கள். மத்தியான நேரத்தில் சென்னையில் குளிர் வேண்டுமென்றால் சபாவுக்குத்தான் போகவேண்டும். கேன்டீனில் கீரை வடை, அசோகா அல்வா, காபி. கச்சேரி இலவசம் என்று மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விட்டது.

டிசம்பர் 24, செவ்வாய்

எதிர் வீட்டு அக்கா கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு சுடக் கூப்பிட்டிருந்தார். கேக் கடையில் கிடைக்கும், இது கையால் சுட்டால்தான் என்கிறார். மாவு, முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை, கொஞ்சம் எள்ளு. சூட்சுமமெல்லாம் அச்சில் இருக்கிறது. அச்சு முதலில் எண்ணெயிலேயே கிடந்து நன்றாகக் காயவேண்டும், அப்புறம் மாவில் முக்கால் பாகம்தான் முக்கவேண்டும். முழுசாக முக்கினால் மாவு மேலே மூடிக்கொண்டு அச்சை விட்டுக் கழலாது. எனக்கு முதல் எட்டு கழலவில்லை. ஒன்பதாவது எண்ணெயில் பூ மாதிரி விரிந்து மிதந்தபோது நானே கைதட்டிக்கொண்டேன். அக்கா நள்ளிரவு ஆராதனைக்குப் போகவேண்டும், அவருக்கு முழங்கால் வலி வேறு, ஆனாலும் நாற்பது முறுக்கு எங்களுக்குத் தனியாக டப்பாவில் போட்டுத் தந்தார். பொங்கலுக்குப் பதில் செய்யவேண்டும், டப்பாவைச் சும்மா திருப்பித் தரக்கூடாது.

டிசம்பர் 29, ஞாயிறு

வேடந்தாங்கல். நாலேகாலுக்குக் கிளம்பி ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு தாண்டி, படாளத்தில் வலது பக்கம் திரும்பினோம். அந்தக் கடைசிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வயல் நடுவில், பனி இறங்கியிருந்தது, கண்ணாடியை இறக்கிவிட்டு எல்லாரும் காதை மூடிக்கொண்டோம். ஆறு மணிக்குத் திறக்கிறார்கள், முதல் ஆளாக உள்ளே.

சுமார் 30 ஹெக்டேர் ஏரி, அவ்வளவுதான். அதில் தண்ணீருக்குள் நிற்கிற மரங்களில் இலை தெரியவில்லை, பறவைதான். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நீர்க்காகம். சத்தம் சந்தைக்கடை. நாற்றமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பொய். ஆனால் அந்த எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர்தான் கீழே இருக்கிற வயலுக்கு உரம், அதனால்தான் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பறவைகளை யாரையும் தொடவிட்டதில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து சுட்டபோது கலெக்டரிடம் போய் முறையிட்டு, 1798-லேயே பாதுகாப்பு உத்தரவு வாங்கியவர்கள். தீபாவளிக்குக்கூட வெடி கிடையாது.

இங்கேதான் என் ஏழு மணித் தத்துவத்துக்கு அடி விழுந்தது. பைனாகுலர் வாடகைக்குத் தந்தவர், "சாயங்காலம் வந்திருக்கணும்மா, இப்ப பாதி இரை தேடக் கிளம்பிடுச்சு, நாலரைக்கு மேலதான் எல்லாம் திரும்பும்" என்றார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை எழுதப்போவதில்லை. பாதியே இவ்வளவு என்றால் முழுசாக எப்படி இருக்கும்! அடுத்த முறை மத்தியானம் கிளம்பவேண்டும், சொல்லிவிட்டேன். வழியில் ஒரு டீக்கடையில் எடுத்துப்போன இட்லியை மிளகாய்ப்பொடியோடு பிரித்தோம். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, நாலு டீ வாங்கிக்கொண்டோம்.

ஜனவரி 1, 2025, புதன்

ஏழரைக்குத்தான் எழுந்தோம். எழுத ஒன்றுமில்லை. கேட் வாசலில் மூன்றாவது மாடிப் பெண்கள் கலர்ப்பொடியில் 'ஹேப்பி நியூ இயர்' போட்டிருந்தார்கள், இடம் மிச்சமில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி. விடுமுறை நாளில் பதினொரு மணிக்குத் திறப்பு, ஆக குளிர்காலக் கணக்கில் வராது, வியர்த்துக் கொட்டியது. பத்து ரூபாய் டிக்கெட், பத்து சதவீதத் தள்ளுபடி, வெளியே மிளகாய் பஜ்ஜி. மகள் ஏழு புத்தகம் வாங்கினாள், நான் இரண்டு. பஜ்ஜிக்குத் தள்ளுபடி இல்லை.

ஜனவரி 11, சனி

இந்த வருடம் பஞ்சாங்கம் போட்டவர் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. நேற்று வைகுண்ட ஏகாதசி, இன்று கூடாரவல்லி, திங்கள்கிழமை திருவாதிரையும் போகியும் சேர்ந்து, செவ்வாய் பொங்கல். ஒரு நாள் பட்டினி, மூன்று நாள் சர்க்கரை.

மாடி வீட்டு மாமி காலை ஆறு மணிக்கே அக்காரவடிசல் கொண்டுவந்துவிட்டார். கூடாரவல்லிக்குரிய திருப்பாவையின் 27-ஆம் பாட்டில் முழங்கை வழிய நெய் என்று ஆண்டாளே சொல்லிவிட்டதால், மாமியிடம் கொலஸ்ட்ரால் பேச்செல்லாம் எடுபடாது. கூடவே மேலே போய் எப்படி என்று கேட்டு எழுதிக்கொண்டேன். ஒரு டம்ளர் பச்சரிசி, ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, ஒரு லிட்டர் பால், இரண்டு டம்ளர் வெல்லம். அரிசி பாலிலேயே குழைய வேகவேண்டும், வெல்லத்தைத் தனியாகப் பாகு காய்ச்சி வடிகட்டிக் கடைசியில்தான் சேர்க்கவேண்டும், அவசரப்பட்டால் பால் திரிந்துபோகும். நெய் எவ்வளவு என்றால் "முக்கால் டம்ளர்" என்று வாய் சொல்கிறது, கை ஒன்றரை ஊற்றுகிறது. இந்த வருடம் மார்கழிக்கு 29 நாள்தானாம், பாட்டு முப்பது, அதனால் கடைசி இரண்டையும் ஒரே நாளில் சேவிப்பார்கள் என்றும் சொன்னார். எனக்குத் தோன்றவே தோன்றாத கணக்கு.

ஜனவரி 13, திங்கள்

போகிப் புகையில் எதிர் வீடு தெரியவில்லை. டயர் எரிக்காதீர்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது. ஜன்னலை அடைத்துவிட்டுத் திருவாதிரைக் களி கிளறினோம்.

அரிசியையும் கொஞ்சம் பாசிப்பருப்பையும் நன்றாகச் சிவக்க வறுத்து ரவையாக உடைக்கவேண்டும். நான் வறுத்தது போதாது என்று அத்தை மறுபடி வாணலியில் கொட்டினார். சிவக்காவிட்டால் உதிரியாக வராது, கூழாகிவிடும். தொட்டுக்கொள்ளத் தாளகம், மற்ற ஊர்க்காரர்கள் ஏழுகறிக் கூட்டு என்பார்கள். எள்ளு, தேங்காய், மிளகாய் வறுத்து அரைத்து, புளிவிட்டு, வாழைக்காய், பூசணி, பரங்கி, சேனை, அவரை, மொச்சை. ஏழாவதாகச் சிறுகிழங்கு. அதைத் தேடித்தான் பல்லாவரம் வரை போனேன். தோலைச் சீவ உட்கார்ந்தால் பொங்கலே முடிந்துவிடும், சாக்கில் போட்டுத் தரையில் நாலு அடி அடித்துத் தேய்த்தால் பாதித் தோல் அதுவாகப் போய்விடுகிறது. இனிப்புக் களிக்குக் காரத் தாளகம், இந்தப் பொருத்தத்தை யார் கண்டுபிடித்தார்களோ. எதிர் வீட்டு அக்காவின் டப்பா நிறையக் களி போட்டுக் கொடுத்தாச்சு.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கிவிட்டது. குக்கரில் இல்லை, பானையில். கரும்பு கடித்து எனக்கு உதடு கிழிந்தது.

ஜனவரி 19, ஞாயிறு

பதினேழாம் தேதியையும் அரசு விடுமுறையாக்கியதில் ஆறு நாள் தொடர்ச்சியாகக் கிடைத்தது, காணும் பொங்கலுக்கு மெரினா பக்கம் தலைவைக்காமல் தப்பித்தோம், கடைசி நாளான இன்று சிறுவீட்டுப் பொங்கல். மொட்டை மாடியில் செங்கல்லும் களிமண்ணும் வைத்து ஆச்சியும் பேத்தியும் இரண்டு நாளாக வீடு கட்டினார்கள். முழங்கால் உயரச் சுவர், ஒரு வாசல், ஜன்னல், வாசலில் குட்டிக் கோலம். ஐந்து மணிக்கு அதன் முன்னால் சிரட்டை எரித்துச் சின்னப் பானையில் பொங்கல். பொங்கும்போது குலவை போட ஆள் இல்லை, அத்தை தனியாகப் போட்டார். கீழ் வீட்டில் யாரோ லைட்டைப் போட்டுப் பார்த்தார்கள்.

மாதம் முழுக்கச் சேர்த்த பூ வறட்டியில் மழை கரைத்தது, நான் கோலம் போடாத நாள் எல்லாம் போக மிச்சம் பதினேழு. ஊரில் தாமிரபரணியில் விடுவார்கள். அடையாற்றைப் பார்த்து அத்தை முகத்தைச் சுளித்ததால் திருவான்மியூர் கடற்கரைக்குப் போனோம். விடிவதற்கு முன்னால் மணல் ஈரமாக, காற்று நிஜமாகவே குளிர்ந்தது. வாழையிலைத் துண்டில் கொஞ்சம் பொங்கலும் சூடமும் வைத்து மகள் வறட்டிகளை ஒவ்வொன்றாக விட்டாள். ஆறு என்றால் கொண்டுபோய்விடும். கடல் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்து அவள் காலடியில் போட்டது. மறுபடி விட்டாள், மறுபடி வந்தது. மூன்றாவது தடவை வந்ததும் "இது எனக்குத்தான் போல ஆச்சி" என்று எடுத்துவைத்துக்கொண்டாள்.

அது இப்போது செருப்பு அலமாரிக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. திரும்பும்போது மணி ஏழே முக்கால், காரில் ஏசி போட்டோம்.