அப்பாயி பேசிய கால் மணி நேரம்

2025 டிசம்பர் 16ஆம் திகதியோடு இலங்கையில் வானொலி ஒலிபரப்பு தொடங்கி 100 ஆண்டு நிறைந்தது. 1925இல் கொழும்பு வானொலியாகத் தொடங்கி, 1949இல் இலங்கை வானொலியாகி, 1967இல் கூட்டுத்தாபனமான அந்தக் கதையை நமக்கு ஒரு பாடமாகவே நடத்தியவர் நம் தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியர், ரேடியோ சேர். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கழற்றி, எட்வர்ட் ஹார்ப்பர் எப்படி முதல் ஒலிபரப்பியை உண்டாக்கினார் என்று அவர் சொல்லச் சொல்ல, மேல் பிளாக்கின் கடைசி வாங்கில் இருந்தவன்கூடக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பான். நூற்றாண்டு அன்று அவருக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். அடுத்த ஜனவரியில் நமது வாட்ஸ்அப் குழுவில் அவர் படம் வந்தது.

வேலையை விட்டுவிட்டு வானொலியின் மரண அறிவித்தலைக் கேட்ட வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். உற்றார், உறவினர், நண்பர்கள் என்று அந்தக் குரல் இறங்கி வரும்போது தோட்டத்து வரிசை வீடுகளான லயமே அடங்கிப்போகும். சேரின் பெயரை அப்படி ஒரு குரல் நிறுத்தி நிதானமாக வாசித்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது.

சேரின் பேச்சு நாளைப் பற்றி நம் பழைய மாணவர்களின் இந்த மலரில் யாராவது எழுதுவார்கள் என்று ஒவ்வொரு வருடமும் பார்ப்பேன். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, சேரின் குவார்ட்டர்ஸ் இஸ்தோப்பு, சாக்கை விரித்து நாம் 11 பேர். நடுவில் யுனிக் ரேடியோ. அதன் செம்புக் கம்பியைச் சவுக்கு மரத்தில் கட்டுவது என் வேலை. வர்த்தக சேவையின் பாட்டுக்கு உயிரை விட்ட வயது அது. அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவைப் போலப் பேசிப் பார்க்காத பையன் நம் வகுப்பில் யார்? ஆனால் அன்று முள் தேசிய சேவையை விட்டு நகராது. பாட்டு வந்தால் சேர் ஒலியைக் குறைப்பார், பேச்சு வந்தால் கூட்டுவார். காலைச் சிந்தனை, செய்தி, விவசாயப் பேச்சு, மாதர் நிகழ்ச்சி, நூல் விமர்சனம், நாடகம், மறுபடி செய்தி. இருட்டிய பிறகு சிற்றலைக்கு மாற்றி லண்டன் தமிழோசை. அது முடிந்துதான் டார்ச் லைட்டோடு இறங்கி வருவோம்.

நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான். கொப்பியில் நடுவே கோடு போட்டு, வானொலியில் வந்த சொல்லை இடது பக்கமும், அதை நம் வீட்டில் எப்படிச் சொல்கிறோம் என்பதை வலது பக்கமும் எழுத வேண்டும். புகையிரதம் – கோச்சி. விறாந்தை – இஸ்தோப்பு. நீர்க்குழாய் – பீலி. ஒன்றைப் படிப்பதற்காக மற்றதை அழிக்கக் கூடாது என்பதில் சேர் கண்டிப்பாக இருந்தார். வலது பக்கத்தில் மட்டும் நின்ற சொற்களும் உண்டு. காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டு, ஒரு நாள் வேலைக்குப் பதியும் பேரில் பாதி மட்டும் போடும் அரைப் பேர், கூடுதல் வேலைக்குக் கையில் தரும் கைக்காசு, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா. “இடது பக்கம் காலியா இருந்தா இருக்கட்டும்டா. ஒருநாள் வரும்” என்பார்.

வானிலை அறிக்கை எல்லாருக்கும் பிடிக்கும். கடலைப் பார்த்திராத பிள்ளைகள் நாம், காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக என்று கரையோரத்தை வரிசையாகச் சொல்லுவோம். அப்புறம் ‘மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில்’ என்று வரும். சேர் உடனே விரலை உயர்த்துவார். “அது நாமதான்டா.”

1976இல் நான் ஒன்பதாம் வகுப்பு. வட்டாரப் பேச்சுப் போட்டிக்கு என்னை அனுப்பினார்கள். தலைப்பு ‘எனது ஊர்’. இடது பக்கச் சொற்களாகவே அடுக்கி மனப்பாடம் செய்திருந்தேன். மேடையில் ஏறியதும் முதல் பந்தி நன்றாகத்தான் போனது. இரண்டாவது மறந்துவிட்டது. மறந்த இடத்தில் வாய் தானாகவே பேசத் தொடங்கியது. விடியக் காலம்பர பிரட்டுக்குத் தப்படிக்கிறது, எங்கள் அப்பாயி இருட்டோடு ரொட்டி தட்டுவது, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்கு ஏறுவது என்று வந்தது. நடுவர்களில் ஒருவர் மேசையைத் தட்டினார். “தம்பி, இது பேச்சுப் போட்டி. லயத்துக் கதையை லயத்திலேயே வைத்துக்கொள்” என்றார். மண்டபம் சிரித்தது. முன் வரிசையில் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் வணக்கம்கூடச் சொல்லாமல் இறங்கிவிட்டேன்.

படிக்கட்டின் கீழே சேர் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையம்வரை நடந்தார். மற்றப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் பார்க்கிறார்கள் என்று நான்தான் கையை உருவிக்கொண்டேன். ஒரு பன்னும் தேத்தண்ணியும் வாங்கித் தந்தார். பன்னைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், சாப்பிடவில்லை.

அந்த மாதப் பேச்சு நாளில் பகல் பன்னிரண்டரை மணிக்குச் சேர் ரேடியோவை மூடினார். அப்படி அவர் மூடி நாம் பார்த்ததில்லை. உள்ளே போய் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். டார்ச் லைட்டை ஒரு பலகையில் நட்டமாக நிறுத்தி, அதுதான் மைக் என்றார். படிக்கட்டில் யாரோ ஏறி வரும் சத்தம். என் அப்பாயி. பகல் கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்திருந்தாள். இடுப்பில் ஈரப் படங்கு, விரல் நுனிகள் கறுப்பாக, முழங்காலுக்குக் கீழே அட்டை கடித்த இடத்தில் புகையிலைத் தூள். எனக்குத் தெரியாமல் சேர் லயத்துக்குப் போய்க் கேட்டிருக்கிறார்.

நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்தாள். சேர் டார்ச்சை எடுத்துத் தரையில் வைத்தார். அவரும் தரையில் உட்கார்ந்தார். “அடுத்து இடம்பெறுவது உரை” என்று அறிவிப்பாளரின் குரலிலேயே, முழு மரியாதையோடு, அப்பாயியின் பெயரைச் சொன்னார். அவளுடைய முழுப் பெயர் தோட்டத்துப் பதிவேடான செக்ரோலுக்கு வெளியே சொல்லப்பட்டதை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

“என்னாங்கையா பேசுறது?”

“வந்த கதையைச் சொல்லுங்கம்மா.”

மண்டபம் கேம்பில் நிறுத்திவைத்தது, கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கியது, தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடக்கும் என்று சொல்லிக் கண்டிச் சீமைக்குக் கூட்டிவந்தது, பிள்ளைக் காம்பராவில் என் அப்பாவை விட்டுவிட்டு மலையேறியது, கொழுந்து குறைந்தால் அரைப் பேர் போடுவது. இவ்வளவுதான் என் நினைவில் இருக்கிறது. அவள் பேசியது கால் மணி நேரம். சுற்றிலும் பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. நான் டார்ச்சின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டி மண்டபத்துச் சிரிப்பு காதை விட்டுப் போகவில்லை. அவள் வாயைத் திறக்கத் திறக்க, எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. கொப்பியில் திகதியை எழுதினேன், நடுவே கோடு போட்டேன். அதற்குமேல் ஓர் எழுத்தும் எழுதவில்லை.

“இத்துடன் உரை நிறைவடைகிறது” என்றார் சேர்.

அப்பாயி எழுந்து படங்கை இறுக்கிக்கொண்டாள். பின்னேரக் கொழுந்துக்கு நேரமாகிவிட்டதே என்ற கவலை அவளுக்கு. “எனக்குப் பேர் போட்டாச்சுங்களா ஐயா?” என்று கேட்டாள்.

“முழுப் பேரும் போட்டாச்சும்மா” என்றார் சேர்.

1978இல் அப்பாயி சித்தப்பா குடும்பத்தோடு போய்விட்டாள். 1964ஆம் ஆண்டு இலங்கை–இந்திய ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எண்ணி வைத்த 525,000 பேரில் அவர்கள். நாங்கள் இலங்கையிலேயே நிற்கும் மற்றக் கணக்கு. அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று ஏன் பெயர் வந்தது என்பதை நமது ஸ்டேஷனில் நின்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோத்தகிரியில் அவள் கண்ணை மூடிய செய்தி கடிதத்தில், ஒரு மாதம் பிந்தி வந்தது. 1984இல் நானும் பிரிட்டனுக்குப் புறப்பட்டுவிட்டேன். போகுமுன் சேரிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது அவர் வீட்டில் இல்லை. காத்திருந்திருக்கலாம்.

1989இல் அவரிடமிருந்து ஒரு நீலக் கடிதம். அங்கே காலை முதல் இரவுவரை பேச்சையே ஒலிபரப்பும் ஒரு சேவை இருக்கிறதாமே, ஒரு நாள் முழுக்கக் கேட்டு எழுது தம்பி, பேச்சு நாளில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார். பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை எனக்கு. ரேடியோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நேரமில்லை என்று சொன்னால் அது பொய். எழுத உட்கார்ந்தால் அந்தக் காலிப் பக்கம்தான் முன்னால் வந்து நின்றது.

சேர், இப்போது எழுதுகிறேன். அந்தச் சேவையின் பெயர் பிபிசி ரேடியோ 4. அதிகாலையில் கடல் வானிலை. 6 மணிக்கு ஆறு சிறு ஒலிகள், பிறகு செய்தி, அதைத் தொடர்ந்து மூன்று மணி நேரம் அமைச்சர்களைக் குடைந்து குடைந்து கேட்பார்கள். நடுவில் நமது காலைச் சிந்தனைபோல ஒரு சமயப் பேச்சு. 10 மணிக்கு மாதர் நிகழ்ச்சி, அது 1946இலிருந்து நடக்கிறது. பகல் ஒரு மணிக்கு மறுபடி செய்தி, அப்புறம் நாடகம். மாலை 7 மணி தாண்டி ஒரு தொடர் நாடகம், ஒரு கிராமத்துக் குடும்பங்களின் கதை, 1951இல் தொடங்கி இன்னும் முடியவில்லை. 1947இலிருந்து தோட்டம் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஒரு நிகழ்ச்சியும் உண்டு. முதல் தடவை அறிவித்தபோது, நம் தோட்டம் என்று நினைத்து ஒலியைக் கூட்டினேன். வீட்டுப் பூந்தோட்டம், சேர். நள்ளிரவு தாண்டி மறுபடி கடல் வானிலை. பெயர்களை ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் வாசிப்பார்கள். மேற்குச் சரிவுகள் வருமா என்று இன்றும் காது காத்திருக்கிறது. நீங்கள் இரவிரவாகத் தேடிப் பிடித்த தமிழோசை, 1941இல் தொடங்கியது, 2017 ஏப்ரலில் சிற்றலையில் நின்றுவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2012இல் இந்த வானொலியில் ஒரு புது முயற்சி தொடங்கினார்கள். சாதாரண ஆட்கள் இருவரை உட்கார வைத்து, அவர்கள் பேச்சிலேயே அவர்கள் கதையைப் பேசவிட்டுப் பதிவு செய்து, பிரிட்டிஷ் நூலகத்தில் சேர்த்து வைத்தார்கள். ஒரு நாள் காரில் போகும்போது கேட்டேன். ஒரு கிழவியும் அவள் பேரனும். அவளுடைய ஊர்ப் பேச்சு எனக்குப் பாதி புரியவில்லை. யாரும் அதைத் திருத்தவில்லை, யாரும் சிரிக்கவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இதை நீங்கள் 1976இலேயே ஒரு டார்ச் லைட்டை வைத்துச் செய்துவிட்டீர்கள்.

நண்பர்களே, அன்று இஸ்தோப்பில் 11 பேர் இருந்தோம். இருவர் இப்போது இல்லை. டொராண்டோவில் இரண்டு பேர், சென்னையில் ஒருவர், மற்றவர்கள் ஊரில் என்று கேள்வி. நாற்பது பக்கக் கொப்பி, நடுவே கோடு. யாருடைய பெட்டியிலாவது, பரணிலாவது அது கிடந்தால், என் அப்பாயி பேசிய அந்தப் பக்கத்தை மட்டும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.