ஹோம் லோனில் மாதம் 3,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால்

40 லட்சம் ரூபாய் ஹோம் லோன், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். இஎம்ஐ 34,713 ரூபாய் வரும். முதல் மாதத் தவணையில் 28,333 ரூபாய் வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 6,380. முதல் வருஷம் ஒரு தவணையும் தவறாமல் கட்டினால் மொத்தம் 4.17 லட்சம் போயிருக்கும். கடன் குறைந்தது 80,000-ஐக்கூடத் தொட்டிருக்காது. தவணையில் அசலின் பங்கு வட்டியின் பங்கைத் தாண்டுவதற்கு 143-வது மாதம் வரை காத்திருக்க வேண்டும். (நாள் கணக்கில் வட்டி போடும் வங்கிகளில் இந்த எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.)

இதே கடனில் முதல் மாதத்திலிருந்தே 3,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் என்ன ஆகும்? அடுத்த மாத வட்டியில் குறைவது 21 ரூபாய்தான். இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். ஆனால் இஎம்ஐ மாறாததால் அந்த 21 ரூபாயும் அசலுக்குப் போகிறது, அதற்கடுத்த மாதம் இன்னொரு 3,000 சேர்கிறது, வட்டி இன்னும் குறைகிறது. இப்படியே போனால் 240 மாதக் கடன் 198-வது மாதத்தில் முடிந்துவிடும். மிச்சமாகும் வட்டி சுமார் 8.96 லட்சம். 3,000-க்குப் பதில் 5,000 என்றால் 178-வது மாதத்தில் முடியும், மிச்சம் 13 லட்சத்தை ஒட்டி வரும்.

சம்பளம் வருஷாவருஷம் ஏறுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி, கட்டும் தொகையை வருஷத்துக்கு 5 சதவீதம் ஏற்றிக்கொண்டே போவது. இரண்டாம் வருஷம் ஏறுவது மாதம் 1,736 ரூபாய், இன்கிரிமென்ட்டில் பாதிகூட ஆகாது. ஆனால் அதே 40 லட்சம் 12 வருஷம் 3 மாதத்தில் முடிந்துவிடுகிறது. கடைசி வருஷங்களில் தவணை 60,000-ஐத் தொடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் கூடவே ஏறினால்தான் இது தாங்கும். அமெரிக்க யூடியூப் வீடியோக்களில் சொல்லும் ‘இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரைத் தவணை’ என்ற உத்தியை இங்கே தேட வேண்டாம். அதன் பலனெல்லாம் வருஷத்துக்கு 13-வது தவணை ஒன்று கட்டுவதில் இருக்கிறது. போனஸ் வரும் மாதத்தில் ஒரு இஎம்ஐ கூடுதலாகக் கட்டினால் அதேதான்.

இனி, பணத்தைக் கட்டியும் பலன் வராமல் போவது எங்கே என்று பார்ப்போம். பெரும்பாலும் மூன்று இடங்களில்.

முதலாவது, கட்டிய பணம் அசலில் விழாமலே கிடப்பது. இஎம்ஐ பிடிக்கும் சேவிங்ஸ் கணக்கில் 3,000 கூடுதலாக வைத்திருந்தால் அது சும்மா சேவிங்ஸ் பணம்தான். லோன் கணக்குக்கே அனுப்பினாலும் சில நிறுவனங்கள் அதை அட்வான்ஸ் தவணையாக எடுத்துக்கொண்டு, அடுத்த மாதம் அந்த அளவுக்குக் குறைவாகப் பிடிக்கும். அப்போது நீங்கள் கூடுதலாக எதையும் கட்டவில்லை, சில நாள் முன்னதாகக் கட்டினீர்கள், அவ்வளவே. அதனால் முதல் முறை கட்டியதும் ஸ்டேட்மென்ட்டை எடுத்து மூன்று விஷயம் பாருங்கள்: அன்றைய தேதியிலேயே நிலுவை அசல் 3,000 குறைந்திருக்கிறதா, அடுத்த தவணை முழுசாகப் பிடிக்கப்பட்டதா, அந்தத் தவணைக்கான வட்டி குறைந்திருக்கிறதா. மூன்றும் சரியாக இருந்தால் மாதாமாதம் தானாகப் போகும்படி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டுவிட்டு அந்தப் பக்கம் மறந்துவிடலாம். இல்லையென்றால், ‘இந்தத் தொகையை அசலில் வரவு வைக்கவும், தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கவும்’ என்று மெயிலில் எழுதிக் கேளுங்கள். கிளையில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவது எதற்கும் உதவாது.

வங்கிகள் பலவற்றில் ஆன்லைனிலேயே லோன் கணக்குக்குச் சின்னத் தொகை அனுப்பலாம். ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனங்கள் சில, ஒன்றிரண்டு இஎம்ஐ அளவுக்குக் குறைந்த பார்ட் பேமென்ட்டை (கடனின் ஒரு பகுதியை முன்கூட்டிக் கட்டுவதை) ஏற்பதில்லை. அங்கே 3,000-ஐ மாதாமாதம் ஒரு ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பில்) போட்டு, வருஷ முடிவில் மொத்தமாகக் கட்டுங்கள். பலன் சிறிதளவே குறையும்.

இரண்டாவது, இஎம்ஐயைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா என்ற கேள்வி. பார்ட் பேமென்ட் கட்டும்போது திரையில் இரண்டு பொத்தான் வரும், பலர் யோசிக்காமல் ஒன்றை அமுக்கிவிடுகிறார்கள். மேலே சொன்ன கடனில் முதல் வருஷ முடிவில் ஒரு லட்சம் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். இஎம்ஐயைக் குறைத்தால் மாதம் 885 ரூபாய் இறங்கும், கடைசிவரை மிச்சமாகும் வட்டி சுமார் 1.02 லட்சம். காலத்தைக் குறைத்தால் ஏறக்குறைய 14 மாதம் போய்விடும், மிச்சம் 3.78 லட்சம். அதே ஒரு லட்சத்தைப் பதினைந்தாம் வருஷ முடிவில் கட்டினால், காலத்தைக் குறைத்தாலும் 51,000 ரூபாய்தான் மிஞ்சும். சீக்கிரம் கட்டுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஆனால் இஎம்ஐ குறைப்பதை ஒரேயடியாகத் தப்பு என்று சொல்ல மாட்டேன். இஎம்ஐ 885 குறைந்த பிறகும் அந்த 885-ஐ விடாமல் கூடுதலாகக் கட்டிவந்தால் கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். வேலை போகிற மாதத்தில் கட்டாயமாகக் கட்ட வேண்டிய தொகை குறைவாக இருக்கும் என்பது உபரி லாபம். தனியார் வேலையில், ஒற்றைச் சம்பளத்தில் இருக்கிறவர்களுக்கு இதுவே மேல். அந்த விடாப்பிடி தன்னிடம் இருக்குமா என்பது அவரவருக்குத் தெரியும்.

மூன்றாவது, வட்டி விகிதம். இதுதான் பெரிய ஓட்டை. ரெப்போ விகிதம் என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, மாறும் வட்டிக் கடன்கள் அதை ஒட்டியே ஏறி இறங்கும். 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த அது 2023 பிப்ரவரியில் 6.5-க்கு வந்தது. இஎம்ஐ மாறவில்லையே என்று பலர் நிம்மதியாக இருந்தார்கள். திரைக்குப் பின்னால் கடன் காலம் வருஷக்கணக்கில் நீண்டுகொண்டிருந்தது. அதுவரை கூடுதலாகக் கட்டிக் குறைத்த மாதங்களை அந்த ஏற்றம் அப்படியே விழுங்கியது. வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று தேர்ந்தெடுக்கும் வசதியைக் கடன் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டது. மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கையைக் காட்டும் ஸ்டேட்மென்ட்டைக் காலாண்டுக்கு ஒரு முறை தரவேண்டும் என்பதும் அதில் உண்டு. அந்த எண்ணிக்கையைப் பாருங்கள், நீங்கள் முன்கூட்டிக் கட்டுவது வேலை செய்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

கூடுதலாகக் கட்டத் தொடங்கும் முன்பே செய்ய வேண்டியதும் இங்கேதான் இருக்கிறது. 2019 அக்டோபருக்கு முந்தைய வங்கிக் கடன்கள் சில இன்னும் எம்சிஎல்ஆர் என்ற பழைய வட்டி முறையில் கிடக்கின்றன. புதிதாக வாங்குகிறவருக்கு அதே வங்கி தரும் விகிதம் உங்களுடையதைவிட அரை சதவீதம் குறைவாக இருந்தால், 40 லட்சத்துக்கு அது வருஷம் 20,000 ரூபாய். ஒரு முறை கன்வர்ஷன் கட்டணம் கட்டி அந்த விகிதத்துக்கு மாறிவிட்டு, பழைய இஎம்ஐயையே தொடருங்கள். அந்தக் கட்டணம் தவிர கையிலிருந்து ஒரு பைசா கூடுதலாகப் போகாமலே மாதம் 1,600-க்கு மேல் அசலில் விழும்.

அபராதக் கட்டணம் பற்றிப் பயம் வேண்டாம். தனிநபர் வாங்கிய, மாறும் வட்டியில் உள்ள வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கி கட்டணம் வாங்கக் கூடாது. நிலையான வட்டியில் உள்ள கடனுக்கும், முதல் சில வருஷம் மட்டும் நிலையாக இருக்கும் கடனுக்கும் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

எல்லோரும் உடனே இறங்கிவிடவும் வேண்டாம். கிரெடிட் கார்டு பாக்கி, பர்சனல் லோன் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். ஆறு மாதச் செலவுக்கான பணம் கையில் இல்லாமல் அசலில் கொண்டுபோய்ப் போடுவது ஆபத்து, சாதாரண ஹோம் லோனில் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது. எடுத்துக்கொள்ள வசதி வேண்டுமென்றால் ஓவர்டிராஃப்ட் வகைக் கடன் இருக்கிறது, எஸ்பிஐயின் மேக்ஸ்கெயின் அப்படிப்பட்டதுதான். வரியைப் பொறுத்தவரை, புதிய வரிமுறையில் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குச் சலுகை கிடையாது, அதனால் வரிக்காகக் கடனை நீட்டி வைப்பதில் அர்த்தமில்லை. பழைய முறையில் இருப்பவர்களுக்கு வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு. கூடுதலாகக் கட்டும் அசலும் 80சி என்று நாம் பழகிப்போன ஒன்றரை லட்ச ரூபாய் வரிக்கழிவுக்குள் சேரும். எஃப்டியோடு ஒப்பிடுகிறவர்கள், எஃப்டி வட்டிக்கு வரி உண்டு, மிச்சமாகும் கடன் வட்டிக்கு இல்லை என்பதைச் சேர்த்துக் கணக்குப் போடவும்.

கடன் முடியும்போது கடைசித் தவணை தானாகப் பிடிக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். முடிக்கும் தேதிக்கான தொகையை எழுத்தில் வாங்கிக் கட்டி, கடன் பாக்கி இல்லை என்ற சான்றிதழ் வாங்குங்கள், இஎம்ஐ பிடிக்கும் மேன்டேட்டை ரத்து செய்யுங்கள். முழுத் தொகையும் கட்டிய 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும்; வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. கடன் வாங்கும்போது பத்திரங்களை ஒப்படைத்ததற்கு வங்கி கொடுத்த பட்டியலை வைத்து, தாய்ப்பத்திரம் உட்பட ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்குங்கள். தமிழ்நாட்டில் எம்ஓடி (பத்திரங்களை வங்கியில் அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவு செய்திருந்தால் அதை ரத்து செய்யும் ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும், வங்கி அதிகாரி கையெழுத்துக்கு வர வேண்டியிருந்தால் தேதியை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். சில நாள் கழித்து வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், அந்த ரத்துப் பதிவு அதில் வந்திருக்க வேண்டும்.